ஜான் கிளேர் நாடகத்தில் மேரியை மேடையில் காட்டலாமா?

அரைவெளிச்சம்
இங்கிலாந்தில் ஊர் ஊராகப் போய் நாடகம் போடும் சின்னக் குழு ஒன்றில் ஒளியமைப்பு பார்க்கிறேன். அடுத்த நாடகம் கவிஞர் ஜான் கிளேர் பற்றி. பண்ணைக் கூலியாக இருந்தவர், 1820இல் முதல் தொகுப்பு வந்ததும் லண்டனே கொண்டாடியது. 1837இல் எப்பிங் காட்டிலிருந்த மனநலக் காப்பகத்தில் சேர்த்தார்கள். 1841 ஜூலையில் அங்கிருந்து கிளம்பி, கையில் காசில்லாமல் நாலு நாள், ஏறக்குறைய 80 மைல் நடந்தே ஊருக்கு வந்தார். நாடகம் முழுக்க இந்த நடைதான். இளவயதுக் காதலி மேரி ஜாய்ஸைத் தன் முதல் மனைவி என்று நம்பி அவளைப் பார்க்க நடக்கிறார், அவளோ 1838லேயே இறந்துவிட்டாள். இயக்குநர் மேரியை நீல ஒளியில், புகையோடு மேடையில் காட்டச் சொல்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை, ஏன் என்று சொல்லவும் தெரியவில்லை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ஊர்க்குருவி
நீல ஒளி வந்த உடனே, இது இவருடைய நோய் என்று பார்ப்பவர்களுக்குத் தெரிந்துவிடும். அவருக்கு அப்படித் தெரியவில்லையே! அந்தப் பயணத்தைப் பற்றி அவரே எழுதிய குறிப்பைப் பாருங்கள். காலையில் எந்தப் பக்கம் நடப்பது என்று தெரிய வேண்டும் என்பதற்காக ராத்திரி வடக்கே தலை வைத்துப் படுத்திருக்கிறார் (நம் வீட்டில் பாட்டிகள் விடவே மாட்டார்கள்). பசிக்கு வழியோரப் புல்லைத் தின்றார், ரொட்டி மாதிரி இருந்ததாம். இவ்வளவு தெளிவாக வழி பார்த்த அதே மனசுதான் மேரி உயிரோடு இருக்கிறாள் என்றும் நம்பியது. அதனால் மேரி வேண்டாம், வண்டிக் காட்சியைப் போடுங்கள். ஊரை நெருங்கும்போது ஒரு பெண் வண்டியிலிருந்து குதித்து அவர் கையைப் பிடிக்கிறாள், குடித்திருக்கிறாளோ, பைத்தியமோ என்று இவர் நினைக்கிறார். அவள்தான் அவருடைய நிஜ மனைவி, பெயர் பேட்டி (Patty). அவள் யாரென்று பார்ப்பவர்களுக்கும் ஒரு நிமிடம் தெரியாமல் இருக்கட்டும்.

வார்டு எண் 6
நான் மனநல வார்டில் நர்ஸ். தயவுசெய்து கத்துவது, முடியைப் பிய்த்துக்கொள்வது எதுவும் வேண்டாம். பின்னாளில் தன்னைக் கவிஞர் பைரன் என்றும் குத்துச்சண்டை வீரர் என்றும் அவர் சொல்லிக்கொண்டது உண்மைதான், ஆனால் அரங்கம் சிரிக்கிற மாதிரி அதைப் போட்டால் எங்கள் நோயாளிகளின் வீட்டார் எழுந்து போய்விடுவார்கள். 1841 டிசம்பரில் நார்த்தாம்ப்டன் காப்பகத்துக்குப் போனவர் 1864இல் இறக்கும்வரை அங்கேதான் இருந்தார். அப்போதும் பல காலம் நார்த்தாம்ப்டன் ஊருக்குள் நடந்துபோய் ஆல் செயிண்ட்ஸ் தேவாலய முகப்பில் உட்கார்ந்திருப்பார், கவிதை எழுதுவார். காப்பக மேலாளர் வில்லியம் நைட் படியெடுத்து வைத்ததால்தான் அவற்றில் பல நமக்குக் கிடைத்தன. அந்தக் கரிசனமும் மேடையில் இருக்கட்டும். அப்புறம், அவருக்கு இன்ன நோய் என்று இன்றைய பெயர் எதையும் ஒட்டாதீர்கள்.

வரப்பு
காதல் மட்டும்தானா? 1809இல் வந்த சட்டத்தால் அவருடைய சொந்த ஊரான ஹெல்ப்ஸ்டனில் பொது நிலமெல்லாம் தனியார் வேலிக்குள் போனது, சின்ன வயதில் சுற்றிய இடங்கள் போயின. அதைப் பாடிப் பாடித் தீராதவர் அவர். நடந்து வந்து சேர்ந்த பிறகும், வீட்டிலேயே வீடற்றவன் என்றுதான் எழுதினார். மேரிக்கு வைத்திருக்கும் விளக்கை அந்த வேலிமேல் திருப்புங்கள்.

அரைவெளிச்சம்
எல்லோருக்கும் நன்றி. நேற்று ஒத்திகையில் வண்டிக் காட்சியை ஒளி மாற்றாமல், சாதாரண அறை விளக்கிலேயே போட்டுப் பார்த்தோம். பேட்டியாக நடிப்பவர் கையைப் பிடித்ததும் கிளேராக நடிப்பவர் நிஜமாகவே பின்வாங்கினார். இயக்குநர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, இன்னொரு தடவை போடுங்கள் என்றார்.