நம்ம குடும்பம் குழு: முரளியின் காது

முரளி: நேற்று ஜன்னல் கிரில்லுக்குக் கம்பி வெட்டியதிலிருந்து காதில் கொய்ங் என்று ஒரே இரைச்சல். நம் வீட்டில் சத்தம் கேட்காமல் காதை மூடுகிற இயர் மஃப் ஒன்று இருந்ததே, யாரிடம் இருக்கிறது?

செல்வி அக்கா: மீதியை நாளைக்கே முடித்துவிடு ராசா. ஜன்னல் திறந்தபடி கிடக்கிறது

கவிதா: ட்ரில் எங்கே போனதோ அங்கேதான் அதுவும்

சுந்தரம் சித்தப்பா: ட்ரில்லை எப்போதோ திருப்பிக் கொடுத்தாயிற்று

கவிதா: பெட்டி மட்டும்தான் வந்தது சித்தப்பா

முரளி: பஞ்சு வைத்துக்கொண்டால் போதாதா

பாலு மாமா: பஞ்சு வைப்பதும் வைக்காததும் ஏறக்குறைய ஒன்றுதான். கம்பி வெட்டுகிற கிரைண்டர் இரும்பில் படும்போது 100 டெசிபல் சர்வசாதாரணமாக வரும். 85 டெசிபல் என்றால் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் வரை என்று வேலை செய்பவர்களின் பாதுகாப்பை ஆராயும் அமெரிக்காவின் நியோஷ் அமைப்பு வரம்பு வைத்திருக்கிறது, அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகிவிடும், 88க்கு 4 மணி, 91க்கு 2 மணி, இப்படியே போனால் 100க்கு கால் மணி நேரம்தான், அதுவும் அந்த நாள் முழுவதற்கும் சேர்த்து. நீ எவ்வளவு நேரம் வெட்டினாய்?

முரளி: மதியம் வரை

செல்வி அக்கா: நடுவில் ஃபோன் பார்த்த நேரத்தைக் கழித்துக்கொள்ளுங்கள் மாமா

பெரியம்மா: யாருக்கு என்ன ஆச்சு

கவிதா: முரளிக்குக் காது. மேலே பாருங்கள் பெரியம்மா

பாலு மாமா: உள்காதில் ஒலியை உணர்கிற மயிர்செல்கள் செத்தால் திரும்ப முளைக்காது. முதலில் அடிபடுவது 4000 ஹெர்ட்ஸ் பக்கம், அதாவது கீச்சென்ற உயர்ந்த ஒலிகள், அதனால் ஆரம்பத்தில் ஒன்றும் தெரியாது. பேச்சு கேட்கும், ஆனால் ச, ஃப மாதிரி எழுத்துகள் நழுவி, என்ன சொன்னார்கள் என்பது பிடிபடாது

கவிதா: ட்ரில்லைத் திருப்பிக் கேட்டாலும் சிலருக்கு அப்படி ஆகிறது

சுந்தரம் சித்தப்பா: பெரியவர்களிடம் பேசுகிற முறையா இது

பெரியம்மா: ஏணி யாரிடம்?

முரளி: மாமா, சத்தத்தைக் குறைக்கிற இயர்பட்ஸ் இருக்கிறதே, பாட்டும் கேட்கலாம்

பாலு மாமா: அது பாட்டுக் கேட்கச் செய்தது, காதைக் காக்க அளவிட்டுச் செய்தது இல்லை. ஃபோம் இயர் பிளக் வாங்கு. விரலால் மெல்லிசாக உருட்டு, மற்றக் கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னும் இழு, உள்ளே விட்டு அது விரியும் வரை பிடித்திரு. பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அது வெறும் அலங்காரம். அப்புறம் பாக்கெட்டில் என்.ஆர்.ஆர்., அதாவது சத்தத்தைக் குறைக்கும் அளவு, 33 என்று இருந்தால் 33 டெசிபல் குறையும் என்று நம்பாதே, 7ஐக் கழித்துப் பாதியாக்கு, 13தான் வரும். மேலே மஃப்பும் போட்டால் இன்னும் 5 கிடைக்கும், இரண்டையும் கூட்டிவிடக் கூடாது

முரளி: பரீட்சை வைப்பீர்களா

செல்வி அக்கா: சின்னவன் நேற்று பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தானே மாமா 😟

பாலு மாமா: அவனை அந்தப் பக்கமே விடாதே. கை எட்டும் தூரத்தில் நிற்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால் அங்கே நிற்கிற எல்லோர் காதுக்கும் கேடுதான். முரளி, இரைச்சல் ஒன்றிரண்டு நாளில் அடங்கலாம், அதற்குள் இன்னும் வெட்டாதே. அடங்கினாலும் ஒன்றும் ஆகவில்லை என்று அர்த்தம் இல்லை. திடீரென்று ஒரு காது கேட்காமல் போனால் மட்டும் காத்திருக்காமல் அன்றைக்கே டாக்டரிடம் போ

செல்வி அக்கா: அப்போ என் ஜன்னல்?

சுந்தரம் சித்தப்பா: மஃப் கிடைத்துவிட்டது. ஒரு பக்கம் மெத்தை கிழிந்திருக்கிறது

கவிதா: ஆக இருந்தது அங்கேதான் 😀

பாலு மாமா: ஓரம் காதைச் சுற்றி ஒட்டி உட்காராவிட்டால் பயனில்லை. மூக்குக்கண்ணாடிக் காம்பே இடைவெளி விட்டுவிடும்

சுந்தரம் சித்தப்பா: கொண்டுவரவா வேண்டாமா

செல்வி அக்கா: கொண்டு வாருங்கள் சித்தப்பா, ட்ரில்லும்

முரளி: காலையில் காதைக் கேட்டுச் சொல்கிறேன்

பெரியம்மா: ஏணியைக் கேட்டேனே, யாருக்கும் காது கேட்கவில்லையா