பைப் செய்யும்போது எனக்குச் சொல்லித் தந்தவர்கள்

பெங்களூரு அல்சூரில் எங்கள் வீட்டு மொட்டைமாடி அறைதான் என் பட்டறை. சின்னதாக ஒரு லேத், ஒரு டிரில் பிரஸ், அரம், உளி, உப்புத்தாள், இவ்வளவுதான். எனக்குப் புகைப் பழக்கம் கிடையாது, யாரையும் பிடிக்கச் சொல்லவும் மாட்டேன். கைக்குள் அடங்குகிற ஒரு மரச்சாமானில் இத்தனை கணக்கு இருக்கிறதே என்ற ஆசையில்தான் புகையிலை போட்டுப் பிடிக்கும் மரப் பைப் செய்கிறேன்.

அந்தக் கணக்கைப் புரியவைத்தவர் எங்கள் தெருப் பெரியவர் ஒருவர். பல வருடமாகப் பைப் பிடிப்பவர். நான் செய்ததைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பளபளப்பையும் வளைவையும் அவர் கண்டுகொள்ளவே இல்லை. மேஜை டிராயரிலிருந்து பஞ்சு சுற்றிய மெல்லிய பைப் கிளீனர் ஒன்றை எடுத்து, வாயில் வைக்கும் முனை வழியாக மெல்ல உள்ளே விட்டார். அது எங்கும் முட்டாமல் போய், புகையிலை போடும் குழியின் அடியில் எட்டிப் பார்த்தது. அப்புறம்தான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மரத்தைத் திருப்பிப் பார்த்தார். "துளை சரியா இருக்கு தம்பி. வெளியில இனி உன் இஷ்டம்" என்றார்.

பைப்பின் உயிர் அந்தத் துளைதான். காற்று வரும் துளை சுமார் 4 மில்லிமீட்டர், புகையிலைக் குழி சுமார் 20 மில்லிமீட்டர் அகலம். துளை குழியின் அடியில், நட்டநடுவில் வந்து சேர வேண்டும். கொஞ்சம் மேலே ஏறினாலும் அடியில் உள்ள புகையிலை எரியாமல் ஈரமாகத் தங்கிவிடும். அதனால் மரம் சதுரக் கட்டையாக இருக்கும்போதே வைஸில் அசையாமல் பிடித்துத் துளைகளைப் போட்டுவிடுவேன். செதுக்குவதெல்லாம் அதற்குப் பிறகு.

மரம் பிரையர். மத்தியதரைக் கடலோரம் வளரும் எரிகா அர்போரியா என்ற புதரின் வேர்முடிச்சு. அதை வெட்டி, பல மணி நேரம் வேகவைத்து, மாதக்கணக்கில் உலர்த்தித்தான் கட்டையாக விற்கிறார்கள். பிரான்சில் சேன் க்ளோட் என்ற ஊர் 19-ஆம் நூற்றாண்டிலிருந்தே பிரையர் பைப்புக்குப் பேர் போனது.

இந்தக் கட்டையோடு ஒருமுறை, மரப் பொம்மைக்குப் பேர் போன சென்னப்பட்டணா போனேன். மைசூரு சாலையில் 60 கிலோமீட்டர்தான். அங்கே ஒரு கடைசல்காரர் வெட்பாலை மரத்தைச் சுழலவிட்டு, அரக்குக் குச்சியை அதன்மேல் வைத்து அழுத்தினார். உரசுகிற சூட்டிலேயே அரக்கு உருகி மரத்தில் ஏறியது. பிறகு தாழை ஓலையை வைத்துத் தேய்க்க, முகம் தெரிகிற மினுமினுப்பு! பைப்புக்கும் இப்படிப் பூசலாமா என்று கேட்டேன். பிரையரைக் கையில் வாங்கி எடை பார்த்தார், நகத்தால் தட்டினார். கன்னடமும் தமிழும் கலந்து, "உரசுற சூட்டுக்கே உருகுறது, நெருப்புக்கு நிக்குமா சார்?" என்றார்.

அன்றிலிருந்து கார்னௌபா மெழுகு மட்டும்தான், அதுவும் வெளிப்புறத்தில். சூட்டில் அதன் பளபளப்பும் மங்கும்தான். ஆனால் பஃபிங் வீலில், அதாவது மெருகேற்றும் துணிச் சக்கரத்தில், திரும்ப ஏற்றிவிடலாம். குழிக்குள் வார்னிஷ், லாக்கர் எதையும் பூசாதீர்கள். சூடாகும் இடம் அது, பூச்சு எரிந்து புகையோடு நேராக நெஞ்சுக்குள் போகும்.

ஈட்டி மரத்தில் செய்யலாமே என்று பலர் கேட்கிறார்கள். நான் செய்ய மாட்டேன். அதில் எண்ணெய்ப் பசை அதிகம், தூசி பலருக்குத் தோல் அரிப்பும் மூச்சிரைப்பும் கொடுக்கும். பிரையரைத் தேய்ப்பதென்றாலும் முகமூடி போட்டே ஆக வேண்டும்.

டிரில் பிரஸ் இல்லாத பெங்களூருக்காரர்கள் கட்டையோடு வாருங்கள், சேர்ந்து துளை போடுவோம். ஞாயிறு காலை பத்து மணிக்கு மேல் மட்டும், கீழ்வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது.