பாலத்துக்கு அடியில் மாட்டியவர்கள், ஓதம் வற்றிச் சேற்றில் நின்றவர்கள் இங்கே எழுதுங்கள்

கொள்ளிடக்கரையான்:

தை அமாவாசை கழிந்து மூன்றாம் நாள். பழையாறு துறையிலிருந்து கொள்ளிட முகத்துவாரப் பக்கம் போகும் கிளை வாய்க்கால்களில் ஒன்று. குறுக்கே தாழ்வாக ஒரு கான்கிரீட் நடைபாலம். அந்தப் பக்கம் போனவர்களுக்கு எது என்று சொல்ல வேண்டியதில்லை. சென்னையிலிருந்து மைத்துனர் குடும்பம் வந்திருந்தது, மொத்தம் பதினொரு பேர். மீன்பிடி ஃபைபர் படகுதான். வெயிலுக்காக இரும்புக் குழாய்களைப் பற்றவைத்து மேலே தார்ப்பாய் கட்டியிருந்தார் படகுக்காரர்.

போகும்போது குழாய்க்கும் பாலத்துக்கும் நடுவே ஒரு சாண் இருந்தது. "பதினொரு மணிக்குள் திரும்பிவிட வேண்டும், ஏற்றம் வந்துவிடும்" என்றார். கடல் ஓதம் ஏறி வாய்க்காலில் தண்ணீர் உயர்வதைத்தான் சொன்னார். தலையாட்டினேன். மைத்துனருக்கு மணல் திட்டில் குளிக்க வேண்டும், நண்டு வாங்கிச் சுட்டுத் தின்ன வேண்டும். திரும்பும்போது மணி ஒன்றைத் தாண்டிவிட்டது.

காலையில் பார்த்த பாலமா என்று சந்தேகம் வந்தது. அவ்வளவு கீழே இறங்கியிருந்தது. முன்குழாய் அதன் அடியில் போய் முட்டி நின்றது. இரண்டு விரற்கடைதான் இடிக்கிறது. பாரம் குறைந்தால் போய்விடும் என்று என் மூளைக்குத் தோன்ற, எல்லோரையும் கரையில் இறக்கினேன். படகு இன்னும் மூன்று விரல் மேலே எழும்பிக்கொண்டது. படகுக்காரர் என்னைப் பார்த்த பார்வையை நான் எழுதப்போவதில்லை.

பிறகு அவர் பாலத்திலிருந்து குதித்து விளையாடிக்கொண்டிருந்த பையன்களைக் கூப்பிட்டார். பத்துப் பேர். "எல்லோரும் ஏறி நடுவில் குந்துங்கள், இவர்களும் ஏறட்டும். பாரம் கூடினால் படகு தாழும். சரிதானே அண்ணா?" என்று என்னைக் கேட்டார். சரி என்றேன். படகு தாழ்ந்தது. விளிம்புக்கும் தண்ணீருக்கும் நடுவே என் உள்ளங்கை அகலம்தான் மிச்சம். பையன்கள் பாலத்தின் அடியில் கையை வைத்துத் தள்ள, குழாய் கரகரவென்று உரச, மாமியாரின் தலையெல்லாம் துரு. அந்தப் பக்கம் போனதும் பையன்கள் கைதட்டிவிட்டுத் தண்ணீரில் குதித்துவிட்டார்கள்.

என் மகளுக்கு ஏழு வயது, நீச்சல் தெரியாது. அன்று இரவு படுக்கையில் கேட்டாள்: "இருபத்தொரு பேர் இருந்தோமே அப்பா, நீங்கள் எண்ணவில்லையா?" படகுக்காரரோடு இருபத்திரண்டு. நான் எண்ணவில்லை.

வடிகால்வாசி:

கொள்ளிடக்கரையான், தலைப்பில் பாலம் என்று போட்டிருக்கிறீர்கள். உங்கள் கதையில் பாலம் ஒரு தப்பும் செய்யவில்லை. மூன்று மணி நேரம் கரையில் உட்கார்ந்திருந்தால் தண்ணீர் தானாக இறங்கியிருக்கும். நண்டு சுடப் பொறுமை இருந்தது, அதற்கு இல்லை.

எனக்கு நடந்தது இதற்கு நேர் எதிர். முத்துப்பேட்டை. 2018 நவம்பர் 16-இல் கஜா புயல் வந்து அந்த அலையாத்திக் காட்டைச் சிதைப்பதற்கு முந்தைய ஆண்டு. தெரிந்தவர் ஒருவரின் வள்ளத்தில் கோரையாறு வழியாக லகூன் என்கிற காயலுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது ஓதம் வற்றிவிட்டது. லகூன் பரந்து கிடக்கிறதே என்று ஏமாறக் கூடாது. பல இடத்தில் முழங்கால் ஆழம் கூட இல்லை, அடியில் எல்லாம் சேறு. தள்ளலாம் என்று இறங்கினேன். தொடைவரை உள்ளே போய்விட்டது. செருப்பு இன்னும் அங்கேதான் இருக்கிறது.

பிடிமானத்துக்குக் கரையோர மரத்தின் கிளையை இழுத்தேன், ஒடிந்தது. அடுத்த நொடி படகுக்காரர் என் மணிக்கட்டில் ஓங்கி அடித்தார். நாற்பத்திரண்டு வயதில், மனைவி முன்னால், அடி. கிளையிலிருந்து வெள்ளையாகப் பால் வடிந்து விரலெல்லாம் பிசுபிசுத்தது. தில்லை மரம். சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் தந்த அதே மரம்தான்; பால் பட்டால் தோல் கொப்பளிக்கும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. கையைக் கழுவிவிட்டு, "வீட்டுக்குப் போய் சோப்புப் போடும்வரை முகத்தின் பக்கம் கை போகக் கூடாது" என்றார்.

ஏற்றம் திரும்ப இரவு எட்டு மணி ஆகிவிட்டது. அதுவரை இரண்டு கையையும் மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கொசு மூக்கில் உட்காரும். முதலில் மனைவி விரட்டினாள். ஏழு மணிக்கு மேல் அவளும் விட்டுவிட்டாள்.

குத்தாலத்தில் நின்றவன்:

நாங்கள் இரண்டு பேர், காற்றடைக்கும் ரப்பர் படகு, ஆகஸ்ட் மாதம். திருவையாற்றில் காவிரியில் இறங்கி மூன்று நாளில் பூம்புகார். பாலங்கள் பட்டியல், இரவு தங்கும் ஊர், எந்த ஊரில் எந்த மெஸ் என்பது வரை எழுதி வைத்திருந்தோம்.

பாலங்களால் பெரிய தொல்லை இல்லை. ஓரிடத்தில் மட்டும் ஆறு நிறையப் போனதால் மல்லாந்து படுத்துக்கொண்டு போனோம், முகம் முழுக்கச் சிலந்தி வலை. காவிரியில் வழி மறிப்பவை ஷட்டர்கள். குடமுருட்டி, அரசலாறு, வீரசோழன் என்று பிரிந்துகொண்டே போகிற ஆறு இது. ஆறு பிரிகிற ஒவ்வொரு தலைப்பிலும் படகைத் தலையில் தூக்கிக்கொண்டு கரையேறி அந்தப் பக்கம் இறங்க வேண்டும். வெங்காயத்தாமரை தேங்கியிருந்தால் அதற்கும் ஒரு முறை.

மேட்டூர் ஜூன் 12-இல் திறந்தால் ஜனவரி 28 வரை ஆற்றில் தண்ணீர் இருக்கும் என்று பள்ளிக்கூடத்தில் படித்ததை நம்பியிருந்தேன். தண்ணீரை முறை வைத்துச் சில நாள் விட்டுச் சில நாள் நிறுத்துவார்கள் என்பது விவசாயி வீட்டில் பிறந்தும் நினைவுக்கு வரவில்லை. மூன்றாம் நாள் காலை குத்தாலத்துக்கு அருகே கண் விழித்தால் படகு மணலில் இருக்கிறது. பத்தடி தள்ளி ஒரு குட்டையில் பாட்டி ஒருவர் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார். துடுப்பும் கையுமாக நின்ற எங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "தண்ணீர் ராத்திரியே போய்விட்டதே தம்பி, நீங்கள் போகவில்லையா?" என்றார்.

பஸ்ஸைத் தவறவிட்டவனிடம் கேட்பது போல அவ்வளவு சாதாரணமாகக் கேட்டார். மீதி தூரத்தை உண்மையிலேயே பஸ்ஸில்தான் போனோம். ரப்பர் படகுக்கு லக்கேஜ் டிக்கெட் வாங்கச் சொன்னார் நடத்துநர்.

மன்னார்குடி மாமா:

யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது, என் கதை காவிரியில் நடந்ததில்லை. மகள் இங்கிலாந்தில் நாரிச் நகரில் இருக்கிறாள். அதன் அருகே பிராட்ஸ் என்று ஆறும் ஏரியுமாகப் பின்னிக் கிடக்கும் பகுதி இருக்கிறது. ஒரு வாரத்துக்குப் படகை வாடகைக்கு எடுத்து, அதிலேயே சமைத்து, அதிலேயே படுத்துக்கொள்ளலாம். கிரேட் யார்மத் என்ற கடலோர ஊரைக் கடந்து வடக்கு ஆறுகளிலிருந்து தெற்கு ஆறுகளுக்குப் போவதென்றால், கடல் நீர் இறங்கும் வற்று முடிந்து நீர் அசையாமல் நிற்கிற கொஞ்ச நேரத்தில்தான் போக வேண்டும். அதற்காக மாப்பிள்ளை என்னை விடியற்காலையில் எழுப்பிவிட்டார். அது கிடக்கட்டும்.

பாட்டர் ஹைகம் என்ற ஊரில் பழங்காலத்துக் கல் பாலம். படகு போவதற்கு நடுவில் ஒரு வளைவு, நம் ஊர் மாட்டுக்கொட்டகை வாசல் போல. வாடகைப் படகை அதற்குள் நாமே ஓட்டிப் போகக் கூடாது. அதற்கென்று இருக்கும் பைலட் வந்து ஏறிக் கொண்டுபோய் விடுவார். பைலட் வந்தார். பாலத்துக்கு அடியில் எவ்வளவு இடைவெளி என்று காட்ட தண்ணீரில் நட்டிருந்த உயரப் பலகையைப் பார்த்தார், எங்கள் படகின் கூரையைப் பார்த்தார், தலையை இடமும் வலமுமாக ஒரு முறை அசைத்தார். இன்று முடியாது. மாப்பிள்ளை மூன்று விதமாகக் கேட்டார். மூன்று முறையும் அதே அசைப்பு, அதே புன்னகை. மறுபடி பலகையைக் கூடப் பார்க்கவில்லை.

நான் முப்பத்தாறு வருடம் அலுவலகத்தில் குப்பை கொட்டியவன். ஒரு டீயிலோ ஒரு கெஞ்சலிலோ ஆள் இளகுவார் என்று காத்திருந்தேன். அவர் போய்த் தன் டீயைக் குடித்தார்.

ஓதக்கணக்கு:

மாமா, அங்கே பலகை இருக்கிறது, சரி. பழையாற்றில் பலகை நட்டால் ஒரே வாரத்தில் அது யாரோ வீட்டுக் கோழிக்கூண்டுக்குக் கதவாகிவிடும். இங்கிலாந்தை இங்கே இழுக்காமல் இருந்தால் நல்லது.

என் அனுபவம் சின்னது. நாகூர் பக்கம் வெட்டாற்றில் ஒரு பாலத்துக்கு அடியில் போகும்போது தொப்பி சிமெண்டில் உரசித் தண்ணீரில் விழுந்தது. தலைக்கும் பாலத்துக்கும் நடுவே ஒரு தொப்பியின் கனம்தான் இருந்திருக்கிறது என்பது விழுந்த பிறகுதான் உறைத்தது. அவ்வளவுதான். ஆனால் விடுமுறைக்குத் திட்டம் போடுகிறவர்களுக்குச் சிலவற்றைச் சொல்லியாக வேண்டும். யாரும் கேட்கவில்லை என்பது தெரியும்.

முதலில், போகிற இடம் கடைமடை ரெகுலேட்டருக்கு, அதாவது கடலுக்கு முன் ஆற்றில் கடைசியாக இருக்கும் ஷட்டருக்கு, மேலேயா கீழேயா என்று பாருங்கள். மேலே என்றால் உங்கள் எஜமான் ஷட்டர், கீழே என்றால் நிலா. குத்தாலத்தில் நின்ற தம்பி மேலே இருந்தார், அவருக்குப் பஞ்சாங்கம் உதவாது. பழையாற்றுக்காரருக்கு மேட்டூர் அட்டவணை உதவாது, கொள்ளிடத்தில் வெள்ளம் வரும் காலம் தவிர. வெள்ளத்தின்போது படகுச் சுற்றுலா என்று கிளம்புகிறவரிடம் எனக்குப் பேச்சே இல்லை.

நம் கரையில் ஓதம் மூன்றடியைத் தாண்டுவது அபூர்வம், அதனால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. உட்கார்ந்திருக்கும் மனிதனின் தலையும் கழுத்தும் எத்தனை அடி என்று அளந்து பார்க்கட்டும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றமும் அதிகம், வற்றும் அதிகம். அஷ்டமியை ஒட்டி இரண்டும் மந்தம். தாழ்வான பாலம் வழியில் இருந்தால் அஷ்டமியைத் தேர்ந்தெடுங்கள். நல்ல காரியத்துக்கு ஆகாது என்று மாமியார் சொன்னால் இது நல்ல காரியம் இல்லை என்று சொல்லிவிடுங்கள். ஏற்றம் ஒவ்வொரு நாளும் சுமார் ஐம்பது நிமிடம் தள்ளித்தான் வரும். போன ஞாயிற்றுக்கிழமை போய்வந்தவர் சொன்ன நேரம் இந்த ஞாயிற்றுக்கிழமைக்குச் செல்லாது. கடலோரத்தில் ஏற்றம் முடிந்த பிறகும் உள்வாய்க்காலில் தண்ணீர் கொஞ்ச நேரம் ஏறிக்கொண்டிருக்கும், அதையும் கணக்கில் சேருங்கள். வாடைக்காற்று பலமாக அடித்தால் கணக்கு முழுவதையும் கிழித்துப் போடுங்கள்.

பாலத்தின் தூணைப் பாருங்கள். சிப்பி ஒட்டியிருக்கும் மேல் கோட்டுக்கு வழக்கமான ஏற்றத்தில் தண்ணீர் வந்துவிடும். மாமா சொன்ன பலகை நம் பாலத்தில் சிப்பியாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்தக் கோட்டிலிருந்து பாலத்தின் அடிவரை எவ்வளவு என்று ஒரு கம்பை வைத்துப் பார்த்து, கம்பில் கீறிக்கொள்ளுங்கள். படகுக்காரரிடம் "எத்தனை மணிக்குத் திரும்பலாம்" என்று கேட்காதீர்கள், நீங்கள் விரும்பும் நேரத்தையே சொல்லிவிடுவார். "இப்போது ஏற்றமா வற்றா, எப்போது திரும்பும்" என்று கேளுங்கள்.

கடைசியாக, பாரம் ஏற்றிப் படகைத் தாழ்த்துவது பழைய வித்தைதான், தெரியாதவன் இல்லை நான். அதற்கு மணல் மூட்டை வேண்டும். மூட்டை கைதட்டாது, ஒரு பக்கமாக எழுந்து நிற்காது.

உப்பளத்து வீட்டுப் பெண்:

இவ்வளவு நீளமாக எனக்கு எழுத வராது. எங்கள் தாத்தா இளவயதில் வேதாரண்யம் கால்வாயில் உப்புத் தோணியில் போனவர். பாலம் வந்தால் பாய்மரத்தைச் சாய்த்துவிட்டு, மூட்டைகளின் மேல் மல்லாந்து படுத்து, பாலத்தின் அடியை உள்ளங்காலால் உதைத்து உதைத்தே தோணியை நகர்த்துவார்களாம். மழை முடிந்து கால்வாய் நிறைந்திருக்கும் நாட்களில் உதைக்க முழங்காலை மடக்க வேண்டியிருக்கும் என்பார். நாங்கள் சிரிப்போம்.

எண்பது வயதுக்கு மேல் ஒரு நாள் அவரைச் சித்தப்பாவின் சின்னப் படகில் உட்காரவைத்துக் கொஞ்ச தூரம் அழைத்துப் போனோம். முன்னால் புதுப் பாலம், நல்ல உயரம், நின்றுகொண்டே போகலாம். நிழல் மேலே விழுந்ததும் தாத்தா படகில் சாய்ந்து இரண்டு காலையும் தூக்கிவிட்டார். கால்கள் எதிலும் படவில்லை. பாலம் முடியும்வரை அப்படியே காற்றில் வைத்திருந்தார். நாங்கள் யாரும் எதுவும் பேசவில்லை. என் தம்பி மட்டும் கைப்பேசியில் எடுத்தான், பிறகு அவனே அழித்துவிட்டான்.

கொள்ளிடக்கரையான்:

வடிகால்வாசி, கரையில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருக்கலாம் என்பது இப்போது எனக்கும் தெரிகிறது. அன்று மாமனாருக்குச் சர்க்கரை மாத்திரை வீட்டில் இருந்தது. அதையும் எழுதியிருக்க வேண்டும், விட்டுவிட்டேன். ஓதக்கணக்கு ஐயா சொன்ன மணல் மூட்டையை அந்த வாய்க்கால் நடுவில் எங்கே தேடியிருப்பேன் என்பதையும் அவரே சொல்லட்டும்.

போன மாதம் வேறு வேலையாகப் பழையாறு போனபோது அந்தப் படகைத் துறையில் பார்த்தேன். நான்கு குழாயையும் ஒரு சாண் குறைத்து அறுத்திருக்கிறார். உள்ளே உட்கார்ந்தால் தார்ப்பாய் தலையில் தட்டுகிறது. "பாப்பா வரவில்லையா?" என்று கேட்டார். பள்ளிக்கூடம் என்றேன். அன்று ஞாயிற்றுக்கிழமை.