சிலம்பத்தை விடாமல் எந்த வேலை பார்க்கலாம்?
வணக்கம். மதுரையில் பி.காம். இறுதியாண்டு படிக்கிறேன், ஒன்பது ஆண்டுகளாகச் சிலம்பம் சுற்றுகிறேன். சென்ற ஆண்டு ஒரு கடையில் மாலை நேரக் கணக்கு வேலைக்குப் போனேன். இரவு பத்துக்குத்தான் விடுவார்கள். மூன்றே மாதத்தில் உள்ளங்கைக் காய்ப்பு மென்மையாகி, காலடியும் பிசகியது. ஆசான் திட்டவில்லை. என் கம்பை வாங்கிச் சுவரில் சாய்த்துவைத்தார். அது இன்னும் வலிக்கிறது.

2024 ஜனவரியில் தமிழகத்தில் நடந்த கேலோ இந்தியா இளையோர் போட்டியில் சிலம்பமும் இடம்பெற்றதைப் பார்த்து நம்பிக்கை வந்தது. சென்னை அருகே மேலக்கோட்டையூர் விளையாட்டுப் பல்கலைக்கழகத்தில், உடற்கல்வி ஆசிரியராவதற்கான இரண்டாண்டு பி.பி.எட். படிப்பில் சேரவா, காவலர் தேர்வு எழுதவா? காவல் பணியில் நேரம் நம் கையில் இருக்காது என்கிறார்கள். உடற்கல்வி ஆசிரியராக இருக்கும் அண்ணன்களே, அக்காக்களே, பள்ளி முடிந்தபின் தினமும் இரண்டு மணி நேரமாவது உங்கள் சொந்தப் பயிற்சிக்குக் கிடைக்கிறதா?