‘மொன்ச்சி’: எங்கே எதிர்ப்படும், எங்கே இடறும்

பதிவு 1
‘மொன்ச்சி’ என்ற ஜப்பானியச் சொல்லைத் தமிழில் எப்படிப் பெயர்ப்பது? பிறந்த குடும்பத்தின் படிநிலையைச் சுட்டும் சொல் இது. ஜப்பானிய அரசியலமைப்பின் 14-ஆம் பிரிவில்தான் பெரும்பாலும் எதிர்ப்படும். எதை வைத்துப் பாகுபாடு காட்டக்கூடாது என்ற பட்டியல் அது: இனம், கொள்கை, பால், சமூக நிலை என நான்கைச் சொல்லி, ‘மத்தாவா’ (அல்லது) போட்டு, கடைசியாக ‘மொன்ச்சி’. அந்த ‘அல்லது’வைப் பார்த்துவிட்டு, சமூக நிலைக்கே இது இன்னொரு பெயர் என்று நினைத்துவிடுகிறார்கள். இல்லை, அது கடைசி உருப்படிக்கு முன்னால் வரும் சாதாரண ‘அல்லது’. 44-ஆம் பிரிவைப் பாருங்கள்: எட்டு உருப்படிகள். மொன்ச்சி ஐந்தாவதாக நடுவில் நிற்கிறது. ‘மத்தாவா’ வருமானத்துக்கு முன்னால் போய்விட்டது.

அடுத்த பிழை எழுத்தால் வருவது. முதல் எழுத்துக்கு நேர்ப்பொருள் வாசல். இரண்டாவதுக்கு நிலம். ‘நிலம்’ கண்ணில் பட்டதும் ‘பிறந்த ஊர்’ என்று பெயர்த்துவிடுகிறார்கள். இங்கே வாசல் என்றால் குடும்பம். நிலம் என்றால் அது நிற்கும் படிநிலை.

பதிவு 2
உச்சரிப்பையும் சொல்லிவிடலாம். ‘மொஞ்சி’ என்று எழுதினால் நம் வாய் தானாக ‘மொன்ஜி’ என்றுதான் படிக்கும். அது ‘எழுத்து’ என்று பொருள்படும் வேறு சொல். ச்-ஐ விடாதீர்கள்.

பதிவு 3
பேச்சில் தேட வேண்டாம். கல்யாணப் பேச்சில் வருவது ‘இயெகரா’ (குடும்ப அந்தஸ்து). மொன்ச்சி சட்டத் தாளுக்குரியது: கல்வி அடிப்படைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு, வேலைவாய்ப்புப் பாதுகாப்புச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு. நேர்முகத் தேர்வில் யாரும் இந்தச் சொல்லைச் சொல்லிக் கேட்பதில்லை. குடும்பப் பதிவேடு எந்த ஊரில், அப்பாவுக்கு என்ன வேலை என்று சுற்றிவளைத்துக் கேட்பார்கள். அந்தக் கேள்விகளைத்தான் தொழிலாளர் அமைச்சகம் தவிர்க்கச் சொல்கிறது. ஊர் தெரிந்தால் புராக்கு (பழைய காலத்தில் தாழ்த்தி ஒதுக்கப்பட்ட சமூகம்) வழிவந்தவரா என்று துழாவிவிடலாம். 1872-இல் தொகுத்த பதிவேட்டில் சில இடங்களில் பழைய நிலையைக் காட்டும் குறிப்புகளே இருந்தன. 1968-இல் அதைப் பார்வைக்குக் கொடுப்பதை நிறுத்தினார்கள்.

பதிவு 4
அப்படியானால் தமிழில் ‘சாதி’ என்றே போடலாமா?

பதிவு 1, மறுபடி
வேண்டாம். அதே 14-ஆம் பிரிவின் அடுத்த வரி பிரபுப் பட்டங்களை ஒழிக்கிறது. 1884-இல் ஐந்து படியாக வகுத்து, 1947 வரை இருந்த ‘கசோக்கு’ முறை அது. மொன்ச்சி மேலே இருப்பவனையும் சுட்டும். ‘சாதி’ என்றால் அவன் நழுவிவிடுவான். (புராக்கு மக்கள் இதில் சேர்வார்களா, சமூக நிலையில் சேர்வார்களா என்பதில் சட்ட அறிஞர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை.) ‘குடும்பப் பின்னணி’யும் சரிவராது. அதில் காசு பணமும் கலந்துவிடும். 44-ஆம் பிரிவிலோ சொத்தும் வருமானமும் தனி உருப்படிகள். ‘குடிப்பிறப்பு’ என்று எழுதுங்கள்.