வாய்க்கால் உணரிகளுக்கு டைக்ஸ்ட்ரா வளையம் சரிவருமா?

துருசடி:
இரணைமடு வாய்க்காலோரம் ஐந்து நீர்மட்ட உணரிகள் பூட்டப் போகிறோம். எல்லாவற்றுக்கும் ஒரே ரேடியோ அலைவரிசை. ஒரு நேரத்தில் ஒன்றுதான் பேசலாம். அந்த முறையைக் கணினி அறிஞர் டைக்ஸ்ட்ரா 1974இல் தந்த டோக்கன் வளையத்திடம் விடலாம் என்கிறேன். டோக்கன் என்பது பேசும் உரிமை, அது வளையமாக ஒவ்வொரு உணரியிடமும் சுற்றிவரும். மின்னலால் நினைவகத்தில் எந்தக் குப்பை எண் ஏறினாலும், யாரும் கைவைக்காமல் அது தானாக ஒரே டோக்கன் உள்ள சரியான நிலைக்கு வரும்.

பாலைமரம்:
தம்பி, ஐந்து பெட்டிக்கு இது அதிகம். கிளிநொச்சியில் ஒரு கணினி ஒவ்வொன்றாகக் கூப்பிடட்டும். பதில் இல்லையா, ரீசெட். சிறுபோகத் தண்ணீர் விஷயம். பிழைத்தால் வாய்க்கால் முடிவில் இருக்கிற காணிக்காரர்தான் பாடுபடுவார்கள்.

துருசடி:
ரீசெட் பண்ணப் பிழை முதலில் தெரிய வேண்டுமே அண்ணை. 1980 அக்டோபர் 27இல் இணையத்தின் முன்னோடியான ஆர்பாநெட் வலையமைப்பு பல மணிநேரம் முடங்கியது. ஒரு முனையின் (வலையில் இணைந்த ஒரு கணினியின்) நினைவகக் கோளாறால் 8, 40, 44 என்ற வரிசை எண்களோடு மூன்று செய்திகள் கிளம்பின. 63க்குப் பிறகு மீண்டும் 0க்கு வரும் எண்ணில் 8ஐவிட 40 புதிது, 40ஐவிட 44 புதிது, 44ஐவிட 8 புதிது! புதியது என்று ஒவ்வொரு முனையும் ஏற்றுப் பரப்ப, மூன்றும் ஓயாமல் சுற்றின. ஒரு முனையை மட்டும் மீளத் தொடக்கினால் பக்கத்து முனை அதே குப்பையைத் திருப்பிக் கொடுத்தது.

வளையத்தைப் பாருங்கள். ஒவ்வொரு உணரியும் ஒரு முனை, ஒவ்வொன்றிடமும் ஒரு எண். எண்கள் 0 முதல் 4 வரை, 4க்குப் பிறகு 0. முதல் முனை, கடைசி முனையின் எண்ணும் தன் எண்ணும் ஒன்றானால் மட்டும் 1 கூட்டும். மற்றவை முந்தைய முனையின் எண் வேறானால் அதைப் பிரதியெடுக்கும். மாறக்கூடிய முனையிடம்தான் டோக்கன். மின்னலுக்குப் பிறகு 3, 1, 1, 4, 2 என்று கிடந்தால் மூன்று டோக்கன்கள். முதல் முனை அசையாது. 3 மெல்லப் பரவி ஐந்தும் 3 ஆனதும், டோக்கன் முதல் முனையிடம் மட்டும்.

பாலைமரம்:
சரி, அழகுதான். ஆனால் அதுவரை மூன்று டோக்கன்கள் உலாவுமே! நிலைக்கு வந்துவிட்டோமா என்று எந்த முனைக்கும் தெரியாது. இதை நம்பித் துருசு (வாய்க்கால் மதகு) திறப்பீர்களா?

முறிகண்டியான்:
இன்னொன்று. பக்கத்து முனையின் எண்ணை நேரே வாசிக்கலாம் என்று டைக்ஸ்ட்ரா எடுத்துக்கொண்டார். ரேடியோவில் செய்தி தொலையும், பழையது பிந்தி வரும். திரும்பத் திரும்ப அனுப்ப வேண்டும், 0 முதல் 4 வரை என்ற எண் எல்லையையும் பெரிதாக்க வேண்டும்.

துருசடி:
அதையும் சேர்க்கிறேன். துருசு கையால்தான் திறக்கும். டோக்கன் பேசும் முறைக்கு மட்டும். இரண்டு மோதினால் ஒரு அளவீடு போகும், அடுத்த சுற்றில் வரும்.

பாலைமரம்:
அதற்கென்றால் ஏற்கிறேன். ஆனால் முதல் முனையின் பற்றரி இறங்கினால் கூட்டுவதற்கு ஆளில்லை, ஐந்தும் ஊமையாகிவிடும். அதற்கு வழி சொல்லுங்கள் தம்பி, பிறகு பூட்டலாம்.