அம்மாவின் முட்டி: குடும்பக் குழுவில்

அக்கா: முட்டி ஆபரேஷன் முடிந்து அம்மா வீட்டுக்கு வந்தாச்சு. வாக்கரைப் பிடித்துக் கட்டில் வரை தானே நடந்தார். இப்போது வலிக்கிறதாம், முட்டிக்குக் கீழே தலையணை கேட்கிறார். வைக்கட்டுமா சித்தி?

சித்தி: வேண்டாம்மா. முட்டிக்கு அடியில் மட்டும் எதையும் வைக்காதே. மடக்கி வைத்தால் இதமாகத்தான் இருக்கும், அதனால் கேட்டுக்கொண்டே இருப்பார். அப்படியே விட்டால் இறுகிப்போய், கால் முழுதாக நீளாது. அப்புறம் நடையே கோணிவிடும். தலையணையைக் குதிகாலுக்குக் கீழே வை. முட்டிக்கு அடியில் ஒன்றும் இல்லாவிட்டால் காலின் கனத்திலேயே அது மெல்ல நேராகும்.

அக்கா: வைத்தேன். முகத்தைச் சுளிக்கிறார், பார்க்கவே கஷ்டமாக இருக்கிறது.

சித்தி: எனக்கும் அக்காதானே, தெரியாதா? கொஞ்ச நேரம் வைத்து எடு, மறுபடி வை. ஐஸ் பையைத் துணியில் சுற்றி 15-20 நிமிடம் வை. பிசியோ வருவதற்கு அரைமணி நேரம் முன்பே டாக்டர் எழுதிய வலி மாத்திரையைக் கொடுத்துவிடு. வலி ஏறிய பிறகு கொடுத்தால் அன்றைய பயிற்சி போச்சு. வார்டில் தினமும் பார்க்கிறேன்.

மாமா: கெண்டைக்காலை நன்றாக அமுக்கிவிட்டால் வீக்கம் வடியுமே?

சித்தி: அண்ணா, அமுக்கவே கூடாது. உள்ளே ரத்தம் உறைந்திருந்தால் அந்தக் கட்டி நகர்ந்து நுரையீரலில் போய் அடைக்கும். பாதத்தை மேலும் கீழும் ஆட்டச் சொல்லுங்கள், அதுதான் ரத்தத்தை மேலே தள்ளும். உறையாமலிருக்கக் கொடுத்த மருந்தை டாக்டர் சொன்ன நாள்வரை நிறுத்தக் கூடாது. கெண்டைக்கால் இறுகி, சூடாகி, தொட்டால் வலித்தால் உடனே ஆஸ்பத்திரி. திடீரென மூச்சு வாங்கினால் இங்கே கேட்டுக்கொண்டிருக்காதீர்கள், ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

அக்கா: இப்போதே தொட்டுப் பார்த்தேன். கெண்டைக்கால் மெத்தென்று இருக்கிறது, வலியில்லை.

தம்பி: ராத்திரி நான் இருக்கிறேன். எழுப்பும்போது கையைப் பிடித்துத் தூக்கலாமா?

சித்தி: இழுக்காதேடா. ஆபரேஷன் செய்த காலை முன்னால் நீட்டி, கட்டிலில் இரண்டு கையையும் ஊன்றி அவரே எழட்டும். நீ பக்கத்தில் நில். முதலில் வாக்கர், அடுத்து ஆபரேஷன் கால், பிறகு நல்ல கால். பாத்ரூம் வரை விளக்கு எரியட்டும், தரையில் கிடக்கும் மிதியடியை எல்லாம் எடுத்துவிடு.

அக்கா: முட்டி சூடாக இருக்கிறதே?

சித்தி: லேசான சூடு சில மாதம்கூட இருக்கும். ஆனால் சிவப்பு பரவினாலோ, கட்டு நனைந்து நீர் கசிந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ அன்றைக்கே டாக்டரிடம் காட்டு. நீங்களாக ஆன்டிபயாடிக் எதுவும் கொடுக்காதீர்கள்.

அக்கா: சரி சித்தி.